முகம் வேண்டாம், வேலையைப் படமெடுங்கள்

அன்புத் தங்கைகளே,

திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரிகளில் படிக்கிறீர்கள். மணிக்கூண்டு பக்கமோ கலெக்டர் ஆபீஸ் வாசலிலோ பெண் பிள்ளைகள் கூடிக் குரல் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், போனையோ இரவல் கேமராவையோ எடுத்துக்கொண்டு ஓடி வருகிறீர்கள். அந்த உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களோடு வரும் தம்பிகளும் படிக்கட்டும். நானும் கேமரா பிடிப்பவள்தான். அந்த உரிமையில் உங்களிடம் ஒரு விஷயம் கேட்கப் போகிறேன்.

2021 நவம்பரில் உங்களில் பலர் பள்ளியில் இருந்திருப்பீர்கள். அந்த மாதம் திண்டுக்கல்–பழனி சாலையில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரி மாணவிகள் மறியலில் உட்கார்ந்தார்கள். கல்லூரித் தாளாளர் மீது பாலியல் தொந்தரவுப் புகார். அதிகாரிகள் வந்தார்கள், பெற்றோர் வந்தார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிவானது. தாளாளர் சில நாள் கழித்துத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் நீதிமன்றத்தில் சரணடைந்தார். கல்லூரியின் பெயரை நான் எழுதவில்லை. போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு குழந்தையின் பெயரையும் படத்தையும் மட்டும் தடுக்கவில்லை. குடும்பம், படிக்கும் இடம், அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டிக் கொடுக்கக்கூடிய எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. அன்று எத்தனையோ பேர் அதையெல்லாம் தாராளமாக எழுதினார்கள், காட்டினார்கள். நாமாவது நிறுத்துவோம்.

அந்த மறியலைப் பற்றி இன்று தேடிப் பார்த்தால் குற்றம் சாட்டப்பட்டவரின் படம் விதவிதமாகக் கிடைக்கும். போலீஸ் கிடைக்கும், கேட் கிடைக்கும், கூட்டம் கிடைக்கும். விடுதியில் இருக்கும் பிள்ளைகள், மார்க்கும் சர்டிபிகேட்டும் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு எதிராகவே ரோட்டில் வந்து உட்காரத் துணிந்தார்களே, அந்தத் துணிச்சல் எப்படி உருவானது என்பதற்குப் படம் இல்லை. முதலில் யார் யாரிடம் பேசினார்கள், எந்த வாசல் வழியாக வெளியே வந்தார்கள், பயந்த பிள்ளையின் கையை யார் பிடித்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் இப்போது ஏதேதோ ஆஸ்பத்திரிகளில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஊரில் நடந்த முக்கியமான ஒரு மாணவியர் போராட்டம் அது. அதை நடத்தியவர்களுடைய பக்கத்திலிருந்து எடுத்த பதிவு நம்மிடம் இல்லாதது எனக்கு ஆறாத வருத்தம்.

அதனால்தான் கேட்கிறேன்: முகத்தைத் துரத்தாதீர்கள். போராட்டம் என்னும் வேலையைப் படமெடுங்கள்.

சமீபத்தில் ஒரு தங்கை தன் போனில் எடுத்த வீடியோ ஒன்றைக் காட்டினாள். ஏதோ ஓர் ஊரில் ஒரு கல்லூரி வாசல், முப்பது நாற்பது பெண்கள். மெனக்கெட்டு எல்லா முகங்களையும் மங்கலாக்கியிருந்தாள். ஆனால் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டு நாடாவின் நிறம் பளிச்சென்று தெரிந்தது. அந்த நிறத்தை வைத்தே டிபார்ட்மென்டைச் சொல்லிவிடலாம். பின்னால் நின்ற ஸ்கூட்டியின் நம்பர் பிளேட் தெரிந்தது. முன் வரிசையில் இருந்தவளின் இடது கையில் மாவுக்கட்டு. அந்த வாரம் அந்த வகுப்பில் மாவுக்கட்டோடு இருந்தவள் ஒருத்திதானே? எல்லாவற்றுக்கும் மேலாக, கோஷம் கொடுத்தவளின் குரல். ஆயிரம் பேர் கூடிய இடத்திலும் அந்தக் குரலை அவளுடைய அப்பா கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்ற பயம் நம் ஊரில் எத்தனை நிஜம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டம் கட்டமாகப் போடும் மங்கலைப் பிரித்துப் பார்க்க மென்பொருள் வந்துவிட்டது. மறைத்தே ஆக வேண்டுமானால் முழுக் கறுப்பாக மறையுங்கள், குரலை வேறொருவரைப் பேசவைத்துப் பதியுங்கள். அதைவிட, மறைக்க வேண்டிய அவசியமே வராத இடத்தில் கேமராவை வைப்பது மேல்.

கேமரா என்றாலே நம் பெண்கள் ஒதுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை விவகாரம் வெளியே வந்தபோது, அங்கே செல்போன் வீடியோதான் ஆயுதமாக இருந்தது. பெண்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு மிரட்டினார்கள். தமிழ்நாடெங்கும் மாணவிகள் வகுப்பைவிட்டு வெளியே வந்து போராடிய அந்த மார்ச் மாதத்தில், புகார் கொடுத்த பெண்ணின் பெயரை அரசாணையிலேயே அச்சிட்டு வெளியிட்டார்கள். அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. ஆறு வருடம் கழித்து, 2025 மே 13ஆம் தேதி, அந்த வழக்கின் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. இடையில் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி ஒருவர் கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவருடைய விவரங்களோடு இணையத்தில் கசிந்தது. மறுபடியும் உயர்நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம். ஐந்து வருடத்தில் அரசு இயந்திரம் இதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என்னைக் கொதிக்க வைக்கிறது. இப்படிப்பட்ட மாநிலத்தில் நீங்கள் கேமராவைத் தூக்கியதும் ஒரு பெண் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடினால், அவள் உங்களை அவமதிக்கவில்லை. அவள் செய்வது சரி.

சரி, முகம் இல்லாமல் எதைத்தான் எடுப்பது?

மறியலுக்கு முந்தைய இரவு சார்ட் பேப்பரில் எழுதும் கைகளை எடுங்கள். ஸ்கெட்ச் தீர்ந்துபோய் ஐடெக்ஸ் மையில் எழுதியதை எடுங்கள். கோரிக்கை மனுவை எடுங்கள். அடித்துத் திருத்திய முதல் நகல், அதில் ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்பதைக் கோடிட்டு ‘கோருகிறோம்’ என்று மாற்றிய வரி. மனு கொடுத்து வாங்கிய ரசீது. தாசில்தார் பேசவரும்போது முன்னே போகும் மூன்று பேரின் முதுகும், அவர்களுக்கு எதிரே நிற்கும் அவர் முகமும். அதிகாரியின் முகத்தைத் தாராளமாகக் காட்டலாம், பொது வேலையில் பொது இடத்தில் இருக்கிறார். குடம், வாட்டர் கேன், பகிர்ந்து சாப்பிட்ட பொட்டலம். வெயிலில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து எதிர் வீட்டில் பாத்ரூம் கேட்டுப் போய்வருவதை, அந்த வீட்டம்மாவின் அனுமதியோடு, திறந்திருந்த கதவாகவாவது எடுங்கள். பெண்கள் போராட்டத்தில் அந்தக் கதவு எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண்கள் எடுத்த எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

போராட்டம் இல்லாத நாளிலும் எடுக்க வேண்டியது இருக்கிறது. உங்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டைப் போய்ப் பாருங்கள். 2013இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். 2015இல் யுஜிசி கொண்டுவந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகளும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்கின்றன. அந்தப் பெயர்ப்பட்டியல் போர்டில் இருக்கிறதா? இருந்தால் எந்த வருடத்துப் பட்டியல்? எத்தனை நோட்டீஸுக்கு அடியில் புதைந்திருக்கிறது? ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு தடவை அந்தப் போர்டை எடுத்து வாருங்கள். விடுதி கேட் பூட்டும் நேரத்தையும் அப்படியே, ஆண்கள் விடுதியிலும் பெண்கள் விடுதியிலும். டெல்லியில் 2015இல் ‘பிஞ்சரா தோட்’ (கூண்டை உடை) என்று மாணவிகள் கிளம்பியது அந்தப் பூட்டிலிருந்துதான். ஒரு வருடம் எடுத்தால் அதுவே ஒரு படத்தொகுப்பு. ஒருத்தியின் முகமும் அதில் இருக்காது, ஆனால் எந்த நிர்வாகமும் அதைப் பார்த்துவிட்டு இதெல்லாம் சும்மா என்று சொல்ல முடியாது.

நமக்கு முன்னால் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஷீபா சாச்சி 1980களில் டெல்லியில் வரதட்சணை எதிர்ப்புப் போராட்டங்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்தவர். அவரே அந்த இயக்கத்துக்காரர். கை உயர்த்தி, வாய் திறந்து முழங்கும் பெண் என்ற அந்த மாதிரிப் படத்தில் அவருக்கே நாளாவட்டத்தில் நிம்மதி இல்லாமல் போனது. இயக்கத்துப் பெண்கள் ஏழு பேரிடம் மறுபடி போனார். எந்த இடத்தில், எந்தப் பொருள்களோடு, எப்படி உட்கார வேண்டும் என்பதை அந்தப் பெண்களோடு கலந்து முடிவுசெய்து எடுத்தார். ‘செவன் லைவ்ஸ் அண்ட் எ ட்ரீம்’ என்று அந்தத் தொகுப்புக்குப் பெயர். தெருவில் எடுத்ததும் கலந்து பேசி எடுத்ததும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த தொகுப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று நம் ஊருக்கு இன்னும் நெருக்கம். பெங்களூரில் 1980இல் தீபா தன்ராஜும் தோழிகளும் ‘யுகாந்தர்’ என்று ஒரு திரைப்படக் கூட்டுக்குழு தொடங்கினார்கள். 1982இல் வந்த அவர்களுடைய ‘தம்பாக்கு சாக்கிலா ஊப் ஆலி’ கர்நாடகத்தில் நிப்பாணி என்னும் ஊரின் புகையிலைத் தொழிலாளப் பெண்களைப் பற்றியது. சங்கம் கட்டி வேலைநிறுத்தம் செய்த பெண்கள் அவர்கள். குழு போனபோது போராட்டத்தின் முக்கியமான கட்டம் முடிந்துவிட்டது. நான்கு மாதம் அங்கேயே தங்கி, நடந்ததை அந்தப் பெண்களிடமே கேட்டு, எதை எப்படிக் காட்டுவது என்று அவர்களோடு பேசி, சில காட்சிகளை அவர்களையே மறுபடி நடத்திக் காட்டச் சொல்லி எடுத்தார்கள். புகையிலை குடோனின் நெடி தெரியாத ஊரா நம் ஊர்? சுருட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் அந்தப் படத்தை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. நடந்து முடிந்த போராட்டத்தைத் திரும்பப் படமாக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. 2021 மறியலுக்கும் காலம் கடந்துவிடவில்லை. அந்தப் பிள்ளைகளில் விருப்பம் உள்ளவர்கள் சொல்லச் சொல்ல, நீங்கள் வேறு இடத்தில், வேறு உடையில் நடித்து எடுக்கலாம்.

பாயல் கபாடியாவின் ‘எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்’ படத்தையும் தேடிப் பாருங்கள். புனே திரைப்படக் கல்லூரியில் 2015இல் 139 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் அவரும் ஒரு மாணவி. படத்தில் ‘எல்’ என்ற ஒற்றை எழுத்தோடு ஒரு பெண். அவளுடைய கடிதங்கள் ஒரு குரலில் வாசிக்கப்படுகின்றன. அவள் முகம் கடைசிவரை இல்லை. சாதியால் முறிந்த காதலும் மாணவர் போராட்டமும் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடுகின்றன. 2021 கான் விழாவில் ஆவணப்படத்துக்கான ‘தங்கக் கண்’ விருது அதற்குத்தான். முகமே இல்லாமல் ஒரு பெண்ணை இவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமா என்று கேட்பவர்களுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. மதுரைத் திவ்யபாரதி 2017இல் ‘கக்கூஸ்’ படத்தை வெளியிட்டார். மலக்குழிச் சாவுகளைப் பற்றிய அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் மதுரை ஜவஹர்லால்புரத்துப் பழனிக்குமார். படம் பரவிய கொஞ்ச நாளில், திவ்யா 2009இல் மாணவியாக இருந்தபோது, விடுதியில் பாம்பு கடித்து இறந்த தலித் மாணவருக்காக நடத்திய போராட்டத்தின் பழைய வழக்கைத் தோண்டியெடுத்து அவரைக் கைது செய்தார்கள். ஆகவே தனியாகப் போகாதீர்கள். நம்பகமான ஒரு வழக்கறிஞரின் நம்பர் கையில் இருக்கட்டும். எடுத்ததை வேறொருத்தியிடமும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.

நம் ஊரைப் பற்றிப் பேசும்போது மில்லை விட்டுவிட்டுப் பேச முடியாது. காலையில் நீங்கள் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும் அதே ஸ்டாப்பில், உங்களோடு பிளஸ் டூ முடித்தவள் மில் வேனுக்கு நிற்கிறாள். 2021 ஜனவரியில் நம் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார்; கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அடுத்த வருடம் ஏப்ரலில், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அங்கே ஆடை வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனமும் கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டது. பாலின வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க, பெண் தொழிலாளர்களே வேலையிடத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு அது. உலகம் முழுக்கத் தொழிற்சங்கத்தார் அதை ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே சொல்கிறார்கள். செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது இறந்த பெண்ணின் படம். அதன்பிறகு ஒன்றேகால் வருடம் வீடு வீடாகப் போய்ப் பேசி, மிரட்டலுக்கு நடுவே சங்கத்தை நிறுத்தியவர்கள் உயிரோடு இங்கேயே இருக்கிறார்கள். மாணவிகள் நீங்கள் அவர்களைத் தேடிப் போங்கள். முகம் காட்டலாமா என்பதை அவர்களே சொல்லட்டும். காட்டச் சொன்னால் நன்றாக வெளிச்சத்தில் நிறுத்தி, பெயரோடு எடுங்கள். முகம் வேண்டாம் என்று நான் சொன்னது, காட்ட விரும்பும் பெண்ணை மூடிவைக்க அல்ல.

எடுத்ததைப் பாதுகாப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நம் ஆட்கள் அசட்டையாக இருக்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எப்போது எடுத்தது என்ற விவரமும் உதிர்ந்துபோகும். மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். அனுப்ப வேண்டுமானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். அதே சமயம் மூலக் கோப்பில் எடுத்த இடமும் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆகவே பொதுவில் போடும் நகலில் அதை நீக்குங்கள். ஹார்ட் டிஸ்க் இரண்டு, இரண்டும் வேறு வேறு வீட்டில். நாளைக்கு வழக்கில் வீடியோவைக் கேட்டால், பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும். வெட்டாத, ஒட்டாத மூலம் இருந்தால்தான் அதில் தைரியமாகக் கையெழுத்திட முடியும். ஒவ்வொரு படத்துக்கும் தேதி, இடம், யார் எடுத்தது, யார் எந்த அளவுக்கு அனுமதித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர்கள் வேறு நோட்டில், வேறு இடத்தில்.

நம் எழுத்தாளர் அம்பை 1988இல் மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தோழிகளோடு தொடங்கினார். பெண்களின் குரலும் படமும் அங்கே சேர்ந்துகொண்டே இருக்கின்றன. திண்டுக்கல்லுக்கு அப்படி ஒரு பீரோவாவது வேண்டும். அரசு மகளிர் கல்லூரி நூலகத்தில் ஒரு மூலை, காந்திகிராமத்தில் ஓர் அறை, எங்கே கிடைத்தாலும் சரி. சீனியர் போகும்போது ஜூனியரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்படி ஓர் ஏற்பாடு செய்யுங்கள். மூன்று வருடத்தில் டிகிரி முடிந்து கலைந்துபோகிற கூட்டம் நீங்கள். வழக்கோ ஆறு வருடம், பத்து வருடம் நடக்கிறது.

கடைசியாக, அனுமதியைப் பற்றி. கொதித்துப் போயிருக்கும் இரவில் ‘எடுத்துக்கோ அக்கா’ என்று சொன்னவள், அடுத்த வாரம் பெண்பார்க்க வருகிறார்கள் என்றதும் பதறிப்போய் உங்களைக் கூப்பிடுவாள். காரணம் கேட்காமல் அவள் இருக்கும் பகுதியை நீக்கிவிடுங்கள். உங்கள் படத்தின் உயிரே அந்தக் காட்சியாக இருந்தாலும் நீக்கிவிடுங்கள். படம் முடிந்ததும் போட்டிக்கோ விழாவுக்கோ அனுப்புவதற்கு முன்னால், ஒரு வீட்டு ஹாலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அதில் இருக்கும் பெண்களுக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் வெட்டச் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திரையிடலுக்கு என்னையும் கூப்பிட்டால் வருவேன். புரொஜெக்டர் என்னிடம் இருக்கிறது, வாடகை வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
திண்டுக்கல்.